சாவியில் கை வைக்காதே

எங்கள் வீட்டில் ஆறு கதிரைகள் இருந்தன. இரண்டு வருடமாக அவற்றில் குந்தியிருந்தது தூசி மட்டும்தான். என் மனுசன் பாக்கியரத்தினம் விடிந்தால் குசினி வாசலில் தொடங்கி, விறாந்தையைத் தாண்டி, முன் கேற் வரைக்கும் நடப்பார். கேற்றைத் தொடமாட்டார். திரும்பி மறுபடியும் குசினி வாசல். சோற்றுக் கோப்பையைக் கையில் கொடுத்தால் நடந்துகொண்டே தின்பார். ஒருவர் நடந்துகொண்டே இருக்கிற வீட்டில் மற்றவர் எப்படிக் குந்துவது? நானும் தையல் மெஷினில் நாலு முழம் தைப்பேன், எழும்பி ஜன்னலுக்குப் போவேன், திரும்பி வருவேன். எனக்குக் காலில் சக்கரம் என்று அம்மா சொல்வார். அந்த இரண்டு வருடத்தில் சக்கரத்தின் அச்சும் தேய்ந்துவிட்டது.

இது தொண்ணூற்றெட்டாம் ஆண்டுக் கதை. அதற்கு இரண்டு வருடம் முந்தி ஒரு காலை, சந்தையில் அறுக்குளா மீனுக்கு விலை பேசிக்கொண்டு நின்ற இவருக்குப் பக்கத்தில் குண்டு வெடித்தது. யார் வைத்தது, யாருக்கு வைத்தது என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். இவர் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. மீன் பையை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். கேற்றைச் சாத்தினார். அதோடு சரி. பிறகு அந்தக் கேற்றுக்கு வெளியே அவருடைய செருப்புப் படவில்லை.

துறைமுகத்தில் கிரேன் எஞ்சின்களுக்குப் போர்மனாக இருந்த மனுசன். வாயைத் திறந்தால் ஏச்சு. கறியில் உப்புக் கூடினால் ஏச்சு, குறைந்தால் ஏச்சு, சரியாக இருந்தால் ஏன் நேற்று இப்படி வைக்கவில்லை என்று ஏச்சு. நானும் விடமாட்டேன். எங்கள் சண்டையை மதிலுக்கு அப்பால் நின்று சனம் கேட்டுச் சிரிக்கும். கேற்றைச் சாத்திய அன்றைக்கு அந்த வாயையும் சாத்திக்கொண்டார். கேட்டால் "ஓம்". இன்னொருமுறை கேட்டால் "இல்லை". உப்பே போடாமல் ஒருநாள் குழம்பு வைத்துக் கொடுத்துப் பார்த்தேன். நடந்துகொண்டே தின்றுவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தார். அன்றைக்குக் குசினியில் நின்று அழுதேன்.

எங்கள் வீடு உட்துறைமுக வீதியில். யாரும் நீந்தி வந்து கப்பலுக்கு வெடி கட்டிவிடாமலிருக்க, நேவிக்காரர் துறைமுகத் தண்ணீருக்குள் அடிக்கடி சின்னச் சின்ன வெடியாகப் போடுவார்கள். நேரம் காலம் கிடையாது. "தும்" என்று நிலத்துக்கு அடியில் ஒரு சத்தம் வரும், ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும். ஊருக்குப் பழகிவிட்டது; தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகூட முழிக்காது. இவர் மட்டும் அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் போய்க் குறுகிக்கொள்வார். வெளியே இழுக்க ஏலாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்குப் பேய் கண்ணால் வரவில்லை, காதால் வந்தது.

இப்படியே போயிருந்தால் நானும் பழகியிருப்பேன். இடையில் கண் வந்து சேர்ந்தது.

வலக்கண்ணில் புகை மூடுகிறது என்று அவராகவே ஒருநாள் சொன்னார். தெரிந்த டொக்டர் ஒருவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டார்.

"கண்ணுக்குள்ளை அமுக்கம் கூடியிருக்கு. வலக்கண் போனது போனதுதான். இடக்கண்ணாவது தப்பவேணுமெண்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாங்கோ. கொழும்பிலையிருந்து கண் டொக்டர் மாசத்திலை ஒருநாள் வாறார். அவர் மெஷினைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாய்த் திரியமாட்டார் அன்னலட்சுமி."

அந்த மாதம் ஓட்டோ பிடித்தேன். கேற்றுத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். ஓட்டோக்காரப் பொடியன் ஒரு கையை விடுவிக்க மறு கை பிடித்தது. அடுத்த மாதம் ஒரு வான். அதே தூண். மூன்றாம் மாதம் அவர் தேநீரை வெறும் மேசையில் ஊற்றினார், கோப்பை ஒரு சாண் தள்ளியிருந்தது. இனிப் பொறுக்க ஏலாது என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது. இன்னும் ஒன்றிரண்டு மாதம் போனால் இந்த மனுசன் இருட்டுக்குள்தான் நடப்பார்.

அவர் குந்துகிற இடம் ஒன்றேயொன்று இருந்தது. பின்வளவுக் கொட்டிலில் எம்.ஜி. கார் நின்றது. வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போனபோது ஒரு கப்பல் அதிகாரி விற்றுவிட்டுப் போனது. இரண்டு பேர் மட்டும் இருக்கலாம், மேலே கூரையில்லை. மூன்று கை மாறி எங்களிடம் வந்தது. கலியாணம் முடித்த புதிதில் நான் கார் ஓடப் பழகியதே அதில்தான். கடும் பச்சை நிறத்தில் இருந்ததை, ஆமி வாகனமென்று எவனாவது நினைத்துத் தொலைப்பானென்று, சண்டை தொடங்கிய கையோடு கச்சான் கடலைக் கோது நிறத்துக்கு மாற்றினார். அந்தக் காரின் கதவுக்கு வெளியில் கைபிடியே கிடையாது. உள்ளே கையை விட்டு ஒரு கயிற்றை இழுத்தால்தான் திறக்கும். பின்னேரங்களில் அந்தக் கயிற்றை இழுத்து ஏறி, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இவர் அசையாமல் இருப்பார். ஓடுவதில்லை, ஸ்டார்ட் செய்வதுமில்லை. கொட்டில் வாசலில் நின்று பார்த்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. அவர் வாகனத்துக்கு வரமாட்டார் என்றால், அவர் இருக்கிற வாகனத்தையே வெளியே கொண்டுபோக வேண்டியதுதானே!

கார் ஓடினால்தானே கொண்டுபோவது? அதற்கு மனிபோல்ட் வெடித்திருந்தது. எஞ்சின் கக்குகிற புகையை ஒன்றுசேர்த்துப் பின்னால் அனுப்புகிற வார்ப்பிரும்பு அது. உப்புக் காற்றிலும் வயதிலும் ஒரு விரல் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. ஸ்டார்ட் செய்தால் துவக்குச் சூடு மாதிரி "பட் பட்" என்று அடிக்கும். வீதியில் கராஜ் வைத்திருந்த முத்தலிப்பைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் ஒருமுறை ஸ்டார்ட் அடித்துப் பார்த்தார். அலுமாரிக்குப் பின்னால் போன என் மனுசன் மத்தியானச் சோற்றுக்கும் வரவில்லை.

முத்தலிப் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அக்கா, ரெண்டு வழி இரிக்கி. இந்தப் பழச ஒட்டித் தரலாம். சத்தம் மெல்லமா இரிக்கும். ஆனா ஒட்டின வார்ப்பிரும்ப நம்பேலா. சூடு ஏறினா எங்க பிளக்கும் எண்டு படைச்சவனுக்குத்தான் தெரியும். மத்த வழி, கொழும்புக்குப் போய்ப் பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையில ஹெடர் பைப்பு தேடிப் பாக்கிற. உருக்குப் பைப்பு. ஒவ்வொரு துவாரத்துக்கும் தனிப் பைப்பா வளைஞ்சு வந்து கீழ ஒண்டாச் சேரும். அது பிளக்காது. ஆனா ரேஸ்காரன் பூட்டுற சாமான், சத்தம் கூட."

"எவ்வளவு கூட?"

"ஊர் எழும்பும்."

நான் கொட்டிலுக்கும் கிணற்றுக்கும் நடுவே நாலு தரம் நடந்தேன். பக்கத்து ஐஸ் கொம்பனியில் கரண்ட் போனால் ஜெனரேற்றர் போடுவார்கள். எங்கள் வீட்டுச் சுவரே அதிரும். ஆனால் அது ஓடுகிற நேரம் இவர் தன்பாட்டில் நடப்பார். ஒருமுறை விறாந்தைத் தூணில் சாய்ந்து நின்றபடி நித்திரைகூடக் கொண்டார். சத்தம் அவரை ஒன்றும் செய்யவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வந்து விழுகிற சத்தம்தான் செய்தது. மெல்லமாக ஓடி எந்த நேரமும் வெடிக்கக்கூடிய பழசை விட, உறுமிக்கொண்டே ஓடி ஒருநாளும் வெடிக்காத புதுசுதான் எனக்கு வேண்டும்.

"ஹெடரையே பாருங்கோ" என்றேன்.

"அக்கா, சத்தத்துக்குப் பயந்த மனுசனுக்குச் சத்தக் காரா?"

"அது என்ரை பாடு. நீங்கள் சாமானைத் தேடுங்கோ."

இரண்டு நாள் கழித்து முத்தலிப் பஞ்சிகாவத்தையிலிருந்து ரெலிபோன் எடுத்தார். கடைக்காரனும் வேறு யாரோவும் பின்னால் கத்திக்கொண்டிருந்தார்கள். "அக்கா, ரெண்டு செட்டு கிடைச்சிரிக்கி. ஒண்டு கட்டைப் பைப்பு. எஞ்சினோட பொருந்துற தட்டு நல்ல தடிப்பு, கொண்டுவந்து அப்படியே பூட்டலாம். மத்தது நீட்டுப் பைப்பு. தட்டு கொஞ்சம் மெல்லிசு. எத எடுக்க?"

சட்டைக் கழுத்து வட்டமா, சதுரமா என்று கேட்டால் சொல்வேன். இதற்கு நான் என்ன கண்டேன்? ஆத்திரத்தில் சுவரைப் பார்த்துக் கத்தினேன்: "கட்டையோ நீட்டோ எண்டு கேட்டால் எனக்கென்ன தெரியும்!"

குசினிப் பக்கம் போய்க்கொண்டிருந்தவர் நிற்காமலே சொன்னார்: "நீட்டு."

நான் ரெலிபோனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் குசினி வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பி, கேற்றுக்குப் போகிற வழியில் மீதியைச் சொன்னார்: "கட்டையெண்டால் அக்சிலேற்றரிலை காலை எடுக்கேக்கை பொருமும்."

இரண்டு வருடத்தில் அவர் பேசிய மிக நீண்ட பேச்சு அது. "நீட்டு, நீட்டு, நீட்டை எடுங்கோ" என்று நான் போட்ட சத்தத்தில் கொழும்புக்கு ரெலிபோன் இல்லாமலே கேட்டிருக்கும்.

பைப் வந்து சேர்ந்தது தனிக் கூத்து. அந்த நாளில் கொழும்பு பஸ்ஸில் வருகிறவர்கள் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து போய் மறுபடி ஏற வேண்டும். மூன்று குழாய்கள் பாம்புபோல நெளிந்து ஒன்றாகச் சேர்கிற உருக்குச் சாமானைச் சாரத்துக்குள் சுற்றிக்கொண்டு வந்தால் எந்த ஆமிக்காரன் சும்மா விடுவான்? முதல் சாவடியிலேயே இரண்டு பேர் துவக்கை நீட்டினார்களாம். முத்தலிப்புக்குச் சிங்களத்தில் அந்த நேரம் ஒரு சொல்லும் வரவில்லை. பைப்பின் ஒரு முனையை வாயில் வைத்துக் கார் மாதிரி "ட்ர்ர்ர்" என்று ஊதிக் காட்டியிருக்கிறார். சிரித்துவிட்டு விட்டார்களாம். மற்றச் சாவடிகளில் கேட்கமுன்னமே ஊதினாராம்.

"தொண்டை கட்டிப்போச்சு அக்கா" என்று சொல்லி, கொண்டுவந்ததை விறாந்தையில் வைத்தார். என் மனுசன் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார். தொடவில்லை. ஆனால் அன்று முழுக்க நடை விறாந்தையோடு நின்றது, கேற் வரைக்கும் போகவில்லை.

மறுநாள் கொட்டிலில் வேலை தொடங்கியது. பழைய வார்ப்பிரும்பைக் கழற்றவே முத்தலிப்புக்கு மத்தியானமாயிற்று. துருப்பிடித்த நட்டுக்கு எண்ணெய் விட்டு, சூடு காட்டி, ஏசி, பிறகு கும்பிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினார். புதுப் பைப் மளமளவென்று ஏறியது. ஸ்டார்ட் செய்தார்.

ஐயோ, அந்தச் சத்தம்! பழசு மாதிரிப் படபடக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து வருகிற உறுமல். கொட்டில் தகரம் நடுங்கியது, கோழிகள் மதிலேறின. நான் வீட்டைத்தான் பார்த்தேன். அவர் விறாந்தைப் படியில் நின்றார். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். பிறகு திரும்பி உள்ளே போனார். போச்சு, அலுமாரிக்குத்தான் என்று நான் வாயில் சேலையை வைத்தேன். அவர் கிணற்றடியால் வந்தார். கையில் பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாயில் ஒரு துண்டு. முத்தலிப்பைத் தள்ளிவிட்டு, குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைப் பைப்புகளின் வேர் நெடுக மெல்ல நகர்த்தினார், டொக்டர் நெஞ்சைப் பார்க்கிற மாதிரி.

"நடுவிலை ஊதுது" என்றார். "தட்டு மெல்லிசு. வொஷர் ஒரு பக்கம் ஏறி மற்றப் பக்கம் தூக்கி நிக்குது. அதை அராவ..."

"தும்."

கடலுக்குள் போட்டுவிட்டார்கள். ரப்பர் குழாய் நிலத்தில் கிடந்தது. ஆள் இல்லை.

எனக்கு வந்த கோபத்தில் துறைமுகப் பக்கம் திரும்பி நின்று, என் வாயில் என்னென்ன வந்ததோ அத்தனையும் சொல்லித் திட்டினேன். நேவியையும் திட்டினேன், நேவிக்கு நீந்தி வருகிறவர்களையும் திட்டினேன், நடுவில் கிடக்கிற கடலையும் விடவில்லை. முத்தலிப் எஞ்சினை நிப்பாட்டிவிட்டு, அந்த நடு வொஷரைக் கழற்றி, பைப்பின் தட்டும் பக்கத்துக் காற்றுக் குழாயின் தட்டும் சமமாக அமுங்குகிற மாதிரி ஒரு பக்கத்தை அரத்தால் தேய்க்கத் தொடங்கினார். பொழுது சாயும்வரை அரத்தின் சத்தம்தான் கேட்டது. திரும்பப் பூட்டி ஓட்டியபோது அந்த ஊதல் நின்றுவிட்டது. கேட்கத்தான் ஆள் வரவில்லை.

கண் டொக்டர் வருகிற நாள் வந்தது. இரவு முழுக்கக் கட்டிலில் புரண்டுவிட்டு விடியவே எழும்பினேன். கேற்றை அகலத் திறந்துவைத்தேன். அவர் குசினி வாசலிலிருந்து பார்த்துவிட்டு நடையை விறாந்தையோடு சுருக்கிக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்று சொன்னால் தூண்தான். எனவே நான் ஒன்றும் சொல்லவில்லை. காரைக் கொட்டிலிலிருந்து எடுத்து, மூக்கைக் கேற்றுக்கு நேரே நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடி இறங்கிக் குசினிக்குள் போய்ப் பானையைக் கழுவத் தொடங்கினேன். இருபத்தாறு வருடம் அவரோடு குடித்தனம் நடத்தியவள் நான். ஆளில்லாமல் ஒரு எஞ்சின் ஓடிக்கொண்டு நின்றால் அவருக்குப் பொறுக்காது.

பானையின் அடி தேய்ந்தது. பிறகு காரின் கதவு சாத்துப்பட்ட சத்தம் கேட்டது. கழுவின கையோடு ஓடினேன். சாரதி ஆசனத்தில் இருந்தபடி, நிப்பாட்டுவதற்குச் சாவியைத் தேடித் தடவிக்கொண்டிருந்தார். கை சாவிக்கு ஒரு சாண் தள்ளித் தடவியது.

"தள்ளி இருங்கோ" என்றேன்.

அவர் திறந்திருந்த கேற்றைப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பார்த்தார். "எனக்குக் கண் தெரியேல்லை" என்றார், யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வது மாதிரி.

"அதுக்குத்தான் சொல்லுறன். தள்ளி இருங்கோ."

தள்ளி இருந்தார். எங்கே என்று கேட்கவில்லை. நான் ஏறி, கடவுளே என்று கிளச்சை விட்டேன். கேற்றைத் தாண்டும்போது அவருடைய கை வெளியே நீண்டு தூணைத் தொட்டது. பிடிக்கப் போகிறார் என்று என் உயிர் போய் வந்தது. விரல்கள் தூணில் உரசி வழுகின. வெளியே வந்துவிட்டோம்.

வீதியில் போன சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தி கொண்டை காற்றில் அவிழ, உறுமுகிற காரில் போனால் பார்க்கத்தானே செய்யும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, முழங்கால் இரண்டையும் ஒட்டிவைத்து இருந்தார். புதுப் பைப் அவருடைய காலுக்குக் கீழேதான் ஓடியது. செருப்பு சுட்டிருக்கும், காலை அசைக்கவில்லை. சத்தம் ஒரே சீராக ஓட, அவருடைய தோள் கொஞ்சம் இறங்கினது மாதிரித் தெரிந்தது.

சந்தியில் சென்றி வந்தது. மணல் மூட்டைகள், குறுக்கே தடி, இரண்டு ஆமிக்காரப் பொடியன்கள். எங்கள் ஊரில் வாகனம் ஓடுகிறவனுக்கு லைசென்ஸை விட முக்கியமான பாடம் ஒன்று உண்டு. சென்றி தெரிந்ததும் மெதுவாக்கு, ரேடியோவை நிப்பாட்டு, காவலுக்கு நிற்கிறவன் பயப்படும்படி ஒரு சத்தமும் போடாதே. சில பேர் எஞ்சினையே நிப்பாட்டிவிட்டு மெல்ல உருண்டு போவார்கள். இந்த உறுமலோடு போனால் பொடியன்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குப் பதறியது. தூரத்திலேயே காலை எடுத்தேன், சாவியைத் திருப்பி நிப்பாட்டினேன். கியர் கிடந்தபடி கிடந்தது. கார் சத்தமில்லாமல் உருண்டது. கெட்டித்தனம்தான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

தடியைத் தூக்கிக்கொண்டே ஒருவன் "யன்ன, யன்ன" என்று கையைக் காட்டினான். போ என்கிறான். கார் இன்னும் உருண்டுகொண்டிருந்தது. நான் சந்தோஷமாகச் சாவியைத் திரும்பப் போட்டேன்.

பின்னால் வெடித்தது.

அதைச் சத்தம் என்று சொல்ல ஏலாது. வீதியே கிழிந்தது. காகங்கள் எழும்பின. தடி விழுந்தது. ஒருவன் மூட்டைக்குப் பின்னால் பாய்ந்துவிட்டான், மற்றவன் முழங்காலில் நின்று துவக்கை என் நெஞ்சுக்கு நேரே பிடித்தான். கார் துள்ளி நின்றது. நான் இரண்டு கையையும் தூக்கினேன். அந்த நேரத்திலும் துவக்கைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தேன். தலையை முழங்காலுக்குள் புதைத்து, இரண்டு கையாலும் பிடரியை மூடிக்கொண்டு கீழே குறுகிக் கிடந்தார். முடிந்தது என்று நினைத்தேன். கெடுத்துவிட்டாய் அன்னலட்சுமி. இனி இந்த மனுசன் கேற் வரைக்கும்கூட நடக்கமாட்டார். அந்த ஒரு கண்ணையும் நீயே மூடிவிட்டாய்.

ஆமிக்காரன் கத்திக்கொண்டே கிட்ட வந்தான். இறங்கச் சொல்கிறான் என்று விளங்கியது. கதவைத் திறக்கக் கைபிடியைத் தேடினான். இல்லை. தடவித் தடவி இன்னும் கோபம் ஏறியது. கயிறு உள்ளே இருக்கிறது என்று காட்டக் கையைக் கீழே இறக்கவும் எனக்குப் பயம்.

அப்போது கீழேயிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஒருமுறை, இன்னொருமுறை. அழுகிறாராக்கும் என்று நினைத்தேன்.

"பெற்றோல்" என்றார்.

தலை மெல்ல மேலே வந்தது. இரண்டு கையும் தூக்கினபடி வந்தது. முகத்தில் வியர்வை வழிந்தது, உதடு வெளுத்திருந்தது. அந்தப் பொடியனைப் பார்த்துச் சிங்களத்தில் பேசினார். துறைமுகத்தில் சிங்கள வேலைக்காரர்களோடு பேசி, ஏசி, சாப்பாடு பங்கிட்டுப் பழகிய சிங்களம். துவக்குச் சூடில்லை தம்பி, எஞ்சின். நான் திறந்து காட்டுகிறேன், நீயே பார் என்றார். பிறகு தன் பக்கத்துக் கயிற்றை இழுத்துக் கதவைத் திறந்து வீதியில் இறங்கினார். என் மனுசன் நடுச்சந்தியில், வெட்டவெளியில், கால் ஊன்றி நின்றார்.

எஞ்சின் மூடியைத் தூக்கினார். துவக்கோடு கிட்ட வந்த பொடியன் குனிந்து பார்த்தான். மூன்று பைப்புகளும் புதுசாக மினுங்கின. என்ன நினைத்தானோ, விரலை நீட்டினான். இவர் பாய்ந்து அவனுடைய மணிக்கட்டை எட்டிப் பிடித்தார்.

மூட்டைக்குப் பின்னால் இருந்தவனின் துவக்கு நேராக நிமிர்ந்தது.

"சுடும்" என்றார் சிங்களத்தில். "தொடாதே, கை வெந்துபோகும்."

பொடியன் தன் மணிக்கட்டைப் பார்த்தான். பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. பிடிபட்ட கையும் நடுங்கிக்கொண்டிருந்தது. இருபது வயதுகூட இருக்காது அவனுக்கு. வாயால் நீளமாகக் காற்றை விட்டான். மூட்டைக்குப் பின்னால் இருந்தவன் எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டு, பயத்தைக் காட்டாமலிருக்க இரண்டு பேருடைய அடையாள அட்டையையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தந்துவிட்டு, சீக்கிரம் போய்த் தொலையுங்கள் என்று கையை ஆட்டினான்.

அவர் எஞ்சின் மூடியைச் சாத்திவிட்டு வந்து ஏறினார். நான் கையை ஸ்டியரிங்கில் வைத்தபடி அழக் காத்திருந்தேன். அவர் அழவிடவில்லை.

"உருண்டுகொண்டிருக்கேக்கை சாவியை நிப்பாட்டச் சொல்லி உனக்கு ஆர் சொன்னது?"

நான் திரும்பிப் பார்த்தேன்.

"உன்னைத்தான் கேக்கிறன். கியரிலை கிடக்கேக்கை சாவியை நிப்பாட்டினால் எஞ்சின் பெற்றோலை இழுக்கிறதை நிப்பாட்டுமோ? எரியாத பெற்றோல் முழுக்கப் பைப்புக்குள்ளை போய் நிரம்பும். பிறகு நீ நெருப்பைக் குடுத்தால் வெடிக்காமல் தாலாட்டோ பாடும்? விசரி! கார் ஓடப் பழக்கினது நான்தானே, இதையும் நான்தானே சொல்லித் தந்தனான்? ஒரு காதாலை வாங்கி மற்றக் காதாலை விட்டிட்டாய். பார்த்துக்கொண்டு நிக்கிறாள்! ஸ்டார்ட் பண்ணு! டொக்டர் போயிடப்போறான்!"

எங்கே போகிறோம் என்று மனுசனுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

ஸ்டார்ட் பண்ணினேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது, வீதி இரண்டாகத் தெரிந்தது. அவர் நிறுத்தவில்லை. கியர் மாற்றுவது ஆட்டுக்கல் அரைக்கிற மாதிரி இருக்கிறதென்றார். கிளச்சில் கால் வைத்துக்கொண்டு ஓடுகிறேன் என்றார். முத்தலிப் வொஷரை இன்னும் ஒரு மயிரளவு அராவியிருக்க வேண்டும் என்றார். அன்றைக்குக் குழம்புக்கு ஏன் உப்புப் போடவில்லை என்றும் கேட்டார். எந்த மாதத்துக் குழம்பு! அவ்வளவையும் எங்கே வைத்திருந்தார் என்று தெரியவில்லை. நான் ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தால் அவர் நிறுத்திவிடுவாரோ என்ற பயம்.

ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இரண்டாவது சென்றி தெரிந்தது.

"சாவியிலை கை வைச்சியெண்டால் தெரியும்" என்றார். "கிளச்சை அமத்திக்கொண்டு, எஞ்சின் ஓட ஓட, மெல்லமாய்ப் போ. சத்தம் கேட்டால் கேக்கட்டும். ஒரே சத்தம் கேட்டால் ஒருத்தனும் பயப்படமாட்டான். சட்டெண்டு நிண்டு சட்டெண்டு..."

"தும்" என்றது கடல்.

அவருடைய கை பறந்து வந்து என் மடியில் சேலையைக் கொத்தாகப் பிடித்தது. தோள் காதுவரை ஏறியது. கண்ணை இறுக்கி மூடினார். நான் காரை நிறுத்தவில்லை. சாவியிலும் கை வைக்கவில்லை.

"...சட்டெண்டு வந்தால்தான் பயம்" என்று, நடுங்குகிற குரலில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "றோட்டைப் பார். என்னை என்னத்துக்குப் பாக்கிறாய்? றோட்டைப் பார்த்து ஓடு."

நான் றோட்டைப் பார்த்து ஓடினேன். ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கும்வரை அவர் ஏச்சையும் விடவில்லை, என் சேலையையும் விடவில்லை.